கையேடு சொல்லாத கணக்கு

புதுவீட்டில் மின்சார ஓவன் போதிய அளவு சூடேறவில்லையா? உடன் வந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். ‘பிளக்கைச் சரிபார்க்கவும், பழுதுபார்ப்பவரை அழைக்கவும்’ என்பதோடு பல கையேடுகள் நின்றுவிடுகின்றன. காரணத்தை விளக்காத கையேடு பாதிக் கையேடே!

230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஓவன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மின்தடை மாறாதிருந்தால், அதன் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையும். 180 வோல்ட்டில் கிடைப்பது சுமார் 1225 வாட்தான். எனவே ஓவனைக் கழற்றுமுன், அது இயங்கும்போது சாக்கெட்டில் உள்ள மின்னழுத்தத்தை மின்பணியாளரைக் கொண்டு அளந்துவிடுங்கள்.

மற்றொன்று: 230 வோல்ட்டில் இந்த ஓவன் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட் இதைத் தாங்காது, சூடேறிக் கருகலாம். 16 ஆம்பியர் சாக்கெட்டே தேவை.

இவ்விரு கணக்குகளுக்கும் கையேட்டில் அரைப்பக்கம் போதுமே! வீண்செலவும் விபத்தும் குறையுமல்லவா?