கான்கிரீட் போடும் இரவு

கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. நடுவில் நிறுத்தினால் பழைய கலவையும் புதியதும் சேரும் இடத்தில் பலம் குறைந்துவிடும். பெட்ரோனாஸ் கோபுரம் ஒன்றின் அடித்தளத்துக்கு 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் இடைவிடாமல் ஊற்றினார்கள். எத்தனை கைகள் மாறியிருக்கும்!

கிள்ளானில் நாங்கள் போட்டது சின்னத் தளம்தான். பம்ப் குழாயை இருவர் பிடிக்க, பின்னாலேயே வைப்ரேட்டரோடு எங்கள் மூத்தவர். அந்த அதிர்வில் கை மரத்துப்போகும். அவர் முகம் சுளிக்குமுன்னே, "விடுங்கண்ணே, நான் பிடிக்கிறேன்" என்று ஒருவன் வந்து நிற்பான். யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அதுதான் பேரழகு. நள்ளிரவில் மழை பிடித்தது; தார்ப்பாயின் நான்கு மூலையிலும் நான்கு பேர், அதில் கணக்கெழுதும் தம்பியும் ஒருவர்.

தளத்தைத் தாங்கிய பலகையைப் பிரித்த அன்று அண்ணாந்து பார்த்தோம். ஓர் இடத்திலும் ஓட்டை இல்லை.