கடலின் மேல் போட்ட பழி

குவைத்தின் முதலாவது முழுநீளக் கதைப்படமான ‘பஸ் யா பஹர்’ (1972) அண்மையில் மீண்டும் பார்க்கக் கிடைத்தது. இயக்கியவர் காலித் அல்-சித்தீக். ‘போதும், கடலே’ என்று தலைப்பைத் தமிழாக்கலாம். எண்ணெய்க்கு முந்திய குவைத். கடலில் முடமாகிப்போன தகப்பன், பணக்கார வியாபாரியின் மகளை விரும்பி முத்துக்குளிக்கப் போகும் மகன். மகன் திரும்பவில்லை. அவனது உயிருக்கு ஈடாக வந்த முத்தைத் தாய் கடலிலேயே எறிகிறாள்.

மன்னார்ப் பக்கத்தவருக்கு இது அந்நியக் கதையல்ல. 1900களின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு வளைகுடாவின் அரபுச் சுழியோடிகளும் வந்து எம்மவரோடு இறங்கியிருக்கிறார்கள்.

படத்தோடு எனக்குள்ள சண்டை அதன் தலைப்பிலேயே தொடங்குகிறது. குற்றவாளி கடல்தானா? பருவம் தொடங்குமுன் சுழியோடி நகுதாவிடம் (எமது சம்மாட்டிதான்) முற்பணம் வாங்குவான். நகுதா வியாபாரியிடம் வாங்கியிருப்பான். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடனே மிஞ்சும். சுழியோடி செத்தால் கடன் மகனுக்குப் போன காலமும் இருந்தது. கொன்றது தண்ணீர் மட்டுமல்ல, கணக்குப் புத்தகமும்தான். படம் அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டத் தயங்கிக் காதலின் பக்கம் ஒதுங்கிவிடுகிறது.

யப்பானிய வளர்ப்பு முத்தும் 1929இன் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலை விழுத்தின. 1932இல் பஹ்ரெய்னில் சுழியோடிகள் கலகம் செய்தார்கள். அதே வருடம் அங்கே எண்ணெய் கிடைத்தது. பிறகு ‘மீட்சி’ என்றார்கள். வியாபாரக் குடும்பங்கள் பல இறக்குமதிக்கு மாறித் தப்பின. சுழியோடிகளில் பலர் எண்ணெய்க் கொம்பனியில் கூலிகளானார்கள்.

இதைப் பழங்கதையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 2009 நவம்பர் 25இல், பல பில்லியன் டொலர் கடனோடு நின்ற டுபாய் வேர்ல்ட், தவணைகளை ஆறு மாதம் நிறுத்திவைக்கக் கேட்டது. டிசம்பர் 14இல் அபுதாபி 10 பில்லியன் கொடுத்தது. 2010 ஜனவரி 4இல் உலகின் அதியுயர் கோபுரம் அபுதாபி ஆட்சியாளரின் பெயரோடு திறக்கப்பட்டது.

அப்போது ஷார்ஜாவில் நாங்கள் நாலுபேர் ஓர் அறையில் இருந்தோம். ஒருவரைக் கொம்பனி ரிக்கற் போட்டு அனுப்பியது. அவர் ஏஜென்சிக்குக் கட்டிய காசு ஊரில் வட்டிக்கு எடுத்தது. தாயின் நகையும் அடைவில். தவணை நிறுத்தச் சொல்லி அவர் யாரிடம் கேட்பது? புறப்படும்போது தன் போர்வையை எனக்குத் தந்துவிட்டுப் போனார். கோபுரத்தின் வாணவேடிக்கையை மற்ற மூவரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஆகவே அந்தத் தாயின் காட்சிக்காகப் படத்தின் மற்றக் குறைகளை மன்னிக்கலாம். வீட்டுக் கடனைத் தீர்த்திருக்கக்கூடிய முத்து அது. அவள் அதை விற்கவில்லை.