அஞ்சல்தலையில் சென்னை உயர்நீதிமன்றம்: நிறுவனத்தின் வயதும் கட்டடத்தின் வயதும்

முன்னுரை

கல்கத்தா, சென்னை, பம்பாய் உயர்நீதிமன்றங்களின் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல்துறை 1962ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மூன்று அஞ்சல்தலைகளை வெளியிட்டது. ஒவ்வொன்றின் மதிப்பும் 15 நயா பைசா. மூன்றிலும் இடம்பெற்றவை நீதிமன்றக் கட்டடங்களே. சேகரிப்பாளர்கள் இவற்றை நிறத்தாலும் வெளியீட்டு நாளாலும் வகைப்படுத்தி அமைவர். ஆயினும், ஓர் அரசு தன் நிறுவனங்களின் வரலாற்றை எவ்வாறு காட்சிப்படுத்துகிறது என்பதற்கும் இவை சான்றாகின்றன. சென்னை அஞ்சல்தலையை முன்வைத்து அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூறும் எழுபதும்

1861ஆம் ஆண்டின் இந்திய உயர்நீதிமன்றங்கள் சட்டத்தின்படி, விக்டோரியா அரசி வழங்கிய உரிமைப் பட்டயத்தால் 1862இல் சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியது. அஞ்சல்தலையில் காணும் இந்தோ சாரசெனிக் பாணிக் கட்டடமோ 1892இல்தான் திறக்கப்பட்டது. பிராசிங்டன் தொடங்கிய வடிவமைப்பை ஹென்றி இர்வின் நிறைவு செய்தார். எனவே நூற்றாண்டு கண்டது நிறுவனம். படத்தில் இருப்பது எழுபதாண்டுக் கட்டடம். இந்த இடைவெளி சென்னைக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாக் கட்டடம் 1872இலும், பம்பாய்க் கட்டடம் 1878இலும் நிறைவுற்றவை.

நிறுவனம் அருவமானது; அதனைக் காட்ட உருவம் ஒன்று வேண்டும் என்பது ஏற்கத்தக்க வாதமே. ஆனால் தேர்ந்த உருவம் நினைவையும் தேர்ந்துவிடுகிறது. 1892க்கு முன் இந்நீதிமன்றம் கடற்கரைச் சாலையிலிருந்த வேறொரு கட்டடத்தில் இயங்கியது. 1870களின் பிற்பகுதியில் தி. முத்துசாமி ஐயர் இந்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானதும் அக்காலத்தில்தான். நிறுவன வரலாற்றின் பெருந்திருப்பங்களுள் ஒன்று, அதன் அடையாளமாக நிறுத்தப்பட்ட கட்டடத்திற்கு வெளியே நிகழ்ந்துள்ளது.

குடியரசும் குடியேற்றக் கட்டடமும்

விடுதலை பெற்று ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆன அரசு, ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த கட்டடத்தைப் பெருமிதத்துடன் வெளியிட்டது முரணாகத் தோன்றலாம். அரசமைப்பின் 225ஆம் உறுப்பு, அதற்கு முன்பிருந்த உயர்நீதிமன்றங்களின் அதிகாரவரம்பைத் தொடரச் செய்தது. சட்டம் சொற்களால் நிறுவிய தொடர்ச்சியை அஞ்சல்தலை படத்தால் நிறுவுகிறது. அவ்வகையில் அதனை அடிமை மனப்பான்மையின் எச்சமாகக் கொள்வதினும், குடியரசு தான் பெற்றதைத் தனதாக்கிக்கொண்ட செயலாகக் கொள்வதே பொருந்தும்.

எனினும் இத்தொடர்ச்சிக்கு ஒரு விலை உண்டு. இக்கட்டட வளாகம் பழைய கறுப்பர் நகரம் இருந்த நிலப்பகுதியில் அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டையின் பாதுகாப்புக்காக அந்நகரம் அகற்றப்பட்டது. அங்கிருந்த சென்னக் கேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்களும் இடம்பெயர்ந்தன. நிலத்தின் இந்த நினைவுக்கு நூற்றாண்டு அஞ்சல்தலையில் இடமில்லை. கட்டடத்தின் மற்றொரு பணியும் அவ்வாறே கருதப்படவில்லை. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அஞ்சல்தலை வெளியான இரவிலும் அது கப்பல்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது. வழக்காடுவோருக்கு நீதிமன்றமாகவும் மாலுமிகளுக்கு விளக்காகவும் இருந்த ஒன்றை, நூற்றாண்டு என்னும் சட்டகம் முன்னதாக மட்டும் சுருக்கியது.

முடிவுரை

சென்னை அஞ்சல்தலை பிழையானதன்று. அது கட்டடத்தின் உண்மையான உருவையும் நிறுவனத்தின் உண்மையான ஆண்டையும் தாங்கியுள்ளது. இரண்டும் ஒரே தாளில் சேரும்போதுதான் கட்டடமும் நூறாண்டு கண்டது என்னும் மயக்கம் பிறக்கிறது. ஆகவே கட்டட அஞ்சல்தலைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், நிறுவனம் தோன்றிய ஆண்டு, கட்டடம் எழுந்த ஆண்டு, அஞ்சல்தலை வெளியான ஆண்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. அம்மூன்றுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான், படத்தில் இடம்பெறாத மனிதரும் நிலமும் உள்ளனர்.