அநாதைக் கோப்புகளை அகற்றும் சிறு கருவி

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் சோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்ததிலிருந்து, குற்றால மலையடிவாரத்திலும் மென்பொருள் தொழில் வேரூன்றியிருப்பதால், அத்தொழிலின் கண்ணுக்குத் தெரியாத நுட்பமொன்றை அங்கிருந்தே ரசிக்கலாம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் படம், ஒலி முதலிய பைனரி கோப்பு 'லார்ஜ் ஆப்ஜெக்ட்' எனும் பெரும்பொருளாகச் சேமிக்கப்படும்போது, அது வழக்கமாக 2048 பைட் துண்டுகளாகத் தனி அட்டவணையில் தங்க, பயனரின் அட்டவணையில் அதன் அடையாள எண் மட்டுமே நிற்கிறது. ஆகவே அவ்வெண் உள்ள வரிசையை அழித்தாலும் கோப்பு அழியாமல், கேட்பாரற்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இத்தகையவற்றை நீக்கும் வேக்யூம்எல்ஓ என்ற கருவியின் அழகு அதன் நிதானத்தில் உள்ளது. முதலில் எல்லா அடையாள எண்களையும் பட்டியலிட்டு, பின்னர் அவ்வெண்களைத் தாங்கும் ஓஐடி, எல்ஓ வகை நெடுவரிசைகளைத் துழாவி, எங்கேனும் சுட்டப்பட்ட எண்ணை விலக்கிவிட்டு, எஞ்சியதையே அது அழிக்கிறது. 'என்' என்ற விருப்பக்குறியைச் சேர்த்தால், எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லும். போற்றத்தக்க அடக்கம் இது. ஒரு பரிவர்த்தனைக்கு, அதாவது முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் செயல்தொகுதிக்கு, 1000 கோப்புகள் என்ற இயல்பு வரம்பு, ஒவ்வொரு நீக்கத்துக்கும் தரவுத்தளம் இடும் பூட்டுகளின் எண்ணிக்கை அளவு மீறாதிருக்க வைக்கப்பட்டது.

அடையாள எண் சாதாரண முழு எண் நெடுவரிசையில் எழுதப்பட்டிருந்தால் கருவி அதைக் காணாது, பயன்பாட்டிலுள்ள கோப்பும் போய்விடும் என்பதால், நெடுவரிசையின் வகையைச் சரிபார்ப்பதே முதல் வேலை. வரிசை அழியும் கணத்திலேயே கோப்பையும் நீக்க எல்ஓ மேனேஜ் என்ற டிரிக்கர், அதாவது நிகழ்வு நேர்ந்ததும் தானே இயங்கும் நிரல், உண்டு; அட்டவணையை மொத்தமாகக் காலிசெய்யும் ட்ரங்கேட் கட்டளைக்கு அது இயங்காது என்பதால், முன்னதாகவே வரிசைகளை டெலீட் கட்டளையால் அழித்துக்கொள்ள வேண்டும்.