ஓய்வு பெறாத 1080 டிஐ

2017 மார்ச்சில் என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டை இறக்கியபோது விலை 699 டாலர். 11 ஜிபி மெமரி, அதற்குத் தரவு போய்வர 352 பிட் பாதை. முழு மூச்சில் ஓடினால் 250 வாட் மின்சாரத்தை விழுங்கி, கேபினெட்டையே சூடாக்கிவிடும்.

2023-ல் அதே நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு வந்தபோது விலை 299 டாலர்தான். 115 வாட் போதும். பாதை 128 பிட்டாகச் சுருங்கிவிட்டது. அந்தக் குறையைச் சிப்புக்குள்ளேயே இருக்கும் 24 எம்பி கேஷ் பெருமளவு ஈடுகட்டுகிறது. சாதாரண கேம்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம்.

அதற்காகப் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம். டெக்ஸ்ச்சர் தரத்தை உச்சத்தில் வைத்தால் புதியதன் 8 ஜிபி மெமரி சில கேம்களில் நிரம்பி, காட்சி திக்கித் திணறும். 11 ஜிபிக்காரர் அலட்டிக்கொள்ளமாட்டார்.

ரே டிரேசிங் என்றால் கதை வேறு. ஒளிக்கதிர் எதில் பட்டு எப்படித் தெறிக்கிறது என்று கணக்கிடும் தனிப் பகுதி 1080 டிஐ-யில் கிடையாது. 2024 டிசம்பரில் வெளியான 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' கேம் அந்தப் பகுதியைக் கட்டாயமாகக் கேட்கிறது.

4060-இன் விளம்பர வரைபடங்களில் துள்ளும் வேகம் இன்னொரு சங்கதி. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 3 தொழில்நுட்பம் இடையிடையே தானே வரைந்து செருகும் ஃபிரேம்களும் அதில் சேர்த்தி. படம் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் மவுஸ் அசைவுக்குக் கிடைக்கும் பதில் அதனால் வேகமாகிவிடுவதில்லை.