வந்தியத்தேவனுக்குக் குதிரை, எங்களுக்கு வேன்

இடம், நாள், பொழுது மூன்றையும் கல்கி 1950-லேயே குறித்துக் கொடுத்துவிட்டதால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வீரநாராயண ஏரிக்கரை, ஆடிப் பதினெட்டு, வெயில் தாழும் நேரம். பொன்னியின் செல்வனைப் படித்தவர்களிடம் இதற்கு மேல் விலாசம் சொல்லத் தேவையில்லை. வந்தியத்தேவன் களைத்துப்போன குதிரையில் வந்து சேர்ந்த அதே கரைக்கு நாங்கள் சிதம்பரத்தில் வேன் பிடித்துப் போனோம். போய் வந்ததில் இருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. வீட்டில் காது வலிக்கிறது என்கிறார்கள். ஆகவே உங்களிடம் வந்திருக்கிறேன்.

வந்தவர்கள் எல்லாரும் வாசகர்கள். அது ஒன்றுதான் தகுதி. சென்னை, சேலம், திருநெல்வேலி, பெங்களூர் என்று திசைக்கு ஒருவர். மாதக்கணக்கில் போனிலேயே சண்டை போட்டுப் பழகியவர்கள், முகம் பார்த்ததில்லை. சிதம்பரம் ரயில் நிலைய வாசலில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். யோசனைக்கு அவசியமே இருக்கவில்லை. காலை வெயிலில் நின்றுகொண்டு, "பார்த்திபேந்திரன் கெட்டவனா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க" என்று ஒரு கும்பல் இரைந்துகொண்டிருந்தால் அது நம் கும்பலாகத்தானே இருக்க முடியும்! நான் நேராகப் போய், "கெட்டவன் இல்லீங்க, முன்கோபக்காரன்" என்றேன். அறிமுகம் முடிந்தது. ஒருவர் பெயரை ஒருவர் கேட்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்திருந்தார். அவர் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய வேட்டியில் சுற்றி, பைண்டு செய்த பொன்னியின் செல்வன் முதல் பாகம். கடையில் வாங்கிய பதிப்பு இல்லை. கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்து, ஊசி நூல் கோத்து, அட்டை போட்டது. அவருடைய அம்மா செய்த வேலை. 1950 அக்டோபர் 29-ஆம் தேதி இதழில் தொடங்கி 1954 மே 16 வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஓடிய தொடர் அது. மணியத்தின் ஓவியங்கள் அதே பக்கங்களில், அதே மையில். ஓரமெல்லாம் பழுப்பேறி அப்பளம் போல நொறுங்குகிறது. கையைத் துடைத்துக்கொண்டு வரச் சொல்லித்தான் தொட விட்டார். நான் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்துக்கொண்டு போனேன்.

இதழ் வந்த நாளில் அவர் வீட்டுத் திண்ணையில் தெருப் பெண்கள் கூடுவார்களாம். அவர் அம்மா உரக்கப் படிப்பாராம். எழுத்துத் தெரியாத ஒரு பாட்டிக்குத்தான் கதை எல்லாரையும் விட நன்றாக நினைவிருக்குமாம். "போன வாரம் பழுவேட்டரையரை எங்க விட்டோம்?" என்று கேட்டால் அந்தப் பாட்டிதான் எடுத்துக் கொடுப்பாராம். இதைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்தப் புத்தகத்தைத் தனியாக மூலையில் உட்கார்ந்து படித்தவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கூப்பிடக்கூடாது என்று கட்டளை போட்டுவிட்டுப் படித்தவள். ஆனால் பிறந்ததில் இருந்தே இது கும்பலாகப் படிக்கிற புத்தகம்தான். நாங்கள் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை, திண்ணையை ஏரிக்கரைக்கு நகர்த்தினோம்.

முதல் நிறுத்தம் காட்டுமன்னார்கோயில், கதையில் வருகிற வீரநாராயணபுரம். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும் அவருடைய பேரர் ஆளவந்தாரும் பிறந்த ஊர். வீரநாராயணப் பெருமாள் கோயில் வாசலில் எங்களுக்கு நினைவுக்கு வந்ததோ கதையில் வருகிற வைணவன் ஆழ்வார்க்கடியானின் தடிதான். சேலத்தில் இருந்து வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் குட்டையாக, குண்டாக, நெற்றி நிறைய நாமத்தோடு நின்றார். வேண்டுமென்றே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! "அண்ணே, தடி எங்கே?" என்று கேட்டோம். "ரயில்ல விடமாட்டாங்கன்னு வெச்சுட்டு வந்துட்டேன் தம்பி" என்றார். நெல்லைக்காரர் ஒருவர் உடனே விபூதியைப் பட்டையாகப் பூசிக்கொண்டு சிவனே பெரியவர் என்று எதிர்க்கட்சி கட்டினார். அர்ச்சகர் சிரித்துக்கொண்டே, "வருஷா வருஷம் யாராவது இப்படி வந்துடறா" என்றார்.

அதற்கடுத்த இடம்தான் நான் உயிரோடிருக்கும் வரை மறக்க முடியாதது. ஊரை ஒட்டிய உடையார்குடி, அனந்தீசுவரர் கோயில். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் கல் சாட்சி இங்கேதான் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 987-ஐ ஒட்டி, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன அரசாணை. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தையும் அவர்களுடைய உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன.

ரவிதாசன்! கதையில் ஆந்தை போலக் கத்துவானே, அந்த ரவிதாசன். கல்கி கற்பனையில் பிடித்த ஆள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தவர்கள் எங்களில் பாதிப் பேர். கோயில் சுவரில் பெயரோடு நிற்கிறான், "பஞ்சவன் பிரமாதிராயன்" என்ற பட்டத்தோடு. பஞ்சவன் என்றால் பாண்டியன் அல்லவா, பாண்டியனின் ஆள் சோழ நாட்டில் அதிகாரியா என்று ஒரு சுற்று வாதம். கும்பகோணத்தில் இருந்து வந்த வரலாற்று ஆசிரியர் எங்களை அமர்த்தி, கல்லைப் படித்துக் காட்டினார். எழுத்தைக் கையால் தடவாதீர்கள் என்று முதலிலேயே மிரட்டிவிட்டார். கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. நடவடிக்கை 987-ல். இடையில் ஆண்டவர் உத்தம சோழர். ஏன் இத்தனை தாமதம் என்பதை வைத்துத்தான் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர் மேலேயே சந்தேகப்பட்டார். குடவாயில் பாலசுப்ரமணியன் இதே கல்வெட்டை மறுபடி வாசித்து, அது அப்படி இல்லை என்று மறுத்தார். "கல்லு ஒண்ணுதான். வக்கீல்தான் ரெண்டு" என்றார் ஆசிரியர்.

இங்கே ஒரு சிக்கல். எங்கள் கூட்டத்தில் விழுப்புரத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் இன்னும் மூன்றாம் பாகத்தில்தான் இருக்கிறாள். கரிகாலன் சாவதோ ஐந்தாம் பாகத்தில். காலையில் வேனில் ஏறும்போதே, "பாப்பா முன்னாடி யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று பெரியவர் சட்டம் போட்டிருந்தார். இப்போது கொலை வழக்கின் தீர்ப்பையே எதிரில் வைத்துக்கொண்டு, கொலை என்ற சொல்லைச் சொல்லாமல் கிசுகிசுவென்று பேசுகிறோம். "அந்தச் சம்பவம்", "அந்த ஆள்", "அந்த இடம்" என்று! பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "ஏன் சார், மூணாம் பாகத்துக்குப் பேரே கொலை வாள்னு வெச்சிருக்காரு. சினிமா ரெண்டும் தியேட்டர்ல பார்த்துட்டேன். இன்னும் எதை மறைக்கறீங்க?" என்றாள். கோயில் பிராகாரம் அதிர்ந்தது. 2022-லும் 2023-லும் வந்த அந்தப் படங்களைப் பற்றி மூக்கைச் சுளிக்கும் வாசகர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பில் உடன்பாடு கிடையாது. இந்தப் பெண்ணைப் புத்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது மணிரத்னம்தான்.

அடுத்து, கதையில் அந்தக் கொலை நடக்கிற கடம்பூர். அங்கே மாளிகையைத் தேடாதீர்கள், கிடைக்காது. சம்புவரையர் மாளிகையும் சுரங்கமும் கல்கியின் பேனாவில் இருந்தவை. ஆனால் மேலக்கடம்பூர் கோயிலைப் பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். குதிரை பூட்டிய தேர் போலவே, சக்கரத்தோடு, மொத்தக் கோயிலையும் கல்லில் செய்திருக்கிறார்கள். முதலாம் குலோத்துங்கன் காலத்தது. கரிகாலனுக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்தியது என்பதால் வந்தியத்தேவன் இதைப் பார்த்திருக்க முடியாது, பாவம். காளையின் மேல் ஆடுகிற பத்துக் கை சிவன், வங்கத்துப் பாலர் பாணியில் செய்த செப்புத் திருமேனி, பிரதோஷத்தன்றுதான் வெளியே வருமாம். எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

சாப்பாட்டை வேன் நிழலிலேயே வைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு சித்ரான்னம் கொண்டுவர வேண்டும் என்று முன்பே பேச்சு. எல்லாரும் புளியோதரையே கொண்டுவந்துவிட்டார்கள் என்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஏரி. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. லால்பேட்டையைத் தாண்டிக் கரையில் வண்டி ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. அக்கரை தெரியவில்லை. கரை மட்டும் சுமார் 16 கிலோமீட்டர். முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் வெட்டி, தந்தையின் பட்டப்பெயரான வீரநாராயணனைச் சூட்டிய ஏரி. போருக்குக் காத்திருந்த படைவீரர்கள் சும்மா இருக்க வேண்டாமே என்று வெட்டியதாகச் சொல்வார்கள். அந்த ராஜாதித்தன் 949-ல் தக்கோலத்தில் யானை மேலேயே உயிர்விட்டான். அவன் வெட்டிய ஏரி 44,000 ஏக்கருக்கு மேல் இன்றும் பாய்கிறது. கொள்ளிடத்துக் கீழணையில் இருந்து வடவாற்று வழியாகப் புது வெள்ளம் நுரைத்துக்கொண்டு வந்து விழுகிறது. முதல் பாகத்தின் பெயரே அதுதானே! கதையில் எழுபத்து நான்கு கணவாய் என்று வருகிறதே, எண்ணிப் பார்ப்போம் என்று புறப்பட்ட இளைஞர் அணி மூன்றாவது மதகிலேயே நுங்கு வண்டியைப் பார்த்துவிட்டது.

சென்னையில் வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர் படித்துறையில் இறங்கி நின்று இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கும்பிட்டார். "இருபது வருஷமா குழாய்ல இதைத்தாண்டி குடிக்கிறேன். இன்னைக்குத்தான் நேர்ல பார்க்கறேன்" என்றார். 2004-ல் இருந்து 235 கிலோமீட்டர் குழாய் வழியாக இந்த வீரநாராயண ஏரி, அதாவது வீராணம், சென்னைக்குப் போகிறது. அந்தக் குழாயில் ராஜாதித்தன் வருகிறான் என்று எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

ஊர்ப் பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துப் படைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பெரியவர் வேட்டித் துணியைப் பிரித்தார். முதல் அத்தியாயம், ஆளுக்கொரு பத்தி என்று ஏற்பாடு. ஏற்பாடு இரண்டாவது பத்தியிலேயே உடைந்தது. யார் முறை வந்தாலும் மற்றவர்கள் முந்திக்கொண்டு மனப்பாடமாகச் சொல்கிறார்கள்! தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "என்ன சார், ஷூட்டிங்கா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழுவேட்டரையரின் பனைக்கொடி வந்ததும், "அந்த ஆள் மோசம் சார்" என்றார். அவரும் நம்மவர்தான் என்று தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நூலகத்தில் எடுத்துப் படித்தாராம், ஐந்தாம் பாகம் மட்டும் யாரோ திருப்பித் தராததால் கிடைக்கவில்லையாம். பெரியவர் அந்த நிமிஷமே அவர் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார்.

விழுப்புரத்துப் பெண் விளக்கு விடுவதற்கு ஊர்ப் பெண்களோடு துறைக்கு இறங்கினாள். அவ்வளவுதான், காலையில் இருந்து அடக்கி வைத்திருந்த கொலை வழக்கு வெடித்தது. ரவிதாசன் என்று ஒரு கட்சி. பெரிய பழுவேட்டரையர் வீசிய கத்தி என்று ஒரு கட்சி. கரிகாலன் தானே சாவைத் தேடிக்கொண்டான் என்பது நான் சேர்ந்த கட்சி. நந்தினியைக் குற்றம் சாட்ட ஒருவர் வாயெடுத்தார். "அவளை ஒரு வார்த்தை சொன்னா இங்கயே இறங்கி நடந்து போயிடுவேன்" என்று ஒரு டீச்சரம்மா எழுந்தே விட்டார். கல்கி வேண்டுமென்றே இருட்டில் நடத்திவிட்டுப் போன கொலைக்கு, அகல் விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் விசாரணை நடத்துகிறோம். பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "நான் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. நடத்துங்க, நடத்துங்க."

அடுத்த கூடுகை கோடிக்கரையில். பூங்குழலி படகு விட்ட கடல். குழகர் கோயிலில் தொடங்குவதா, கலங்கரை விளக்கத்தில் தொடங்குவதா என்று திரும்பும் வேனிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. நான் குழகர் கோயில் கட்சி. எங்கள் பக்கம் ஆள் குறைகிறது, வாருங்கள். புளியோதரை மட்டும் வேண்டாம்.