பத்து மணிக்கு முன்னால் என்ன நடக்கிறது?

நார்மன் மெக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' குறுநாவலை மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை கதைக்காக. இரண்டாம் தடவை தூண்டில் வீசக் கற்றுக்கொள்வதற்காக. தப்பு அங்கேதான் நடந்தது. மூன்றாம் தடவை, என் முழங்கை ஏன் வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக. இது அந்த மூன்றாவது வாசிப்பின் குறிப்பு.

புத்தகம் தெரியாதவர்களுக்கு: 1976-இல் வந்தது. மெக்லீன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மொன்டானா மாநிலத்தில் பிக் பிளாக்ஃபுட் ஆறு, பிரெஸ்பிட்டேரியன் பாதிரியாரான அப்பா, இரண்டு மகன்கள், ட்ரவுட் மீன்பிடி. 1992-இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு படமாக எடுத்தார். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஃப்ளை ஃபிஷிங் நம்ம ஊர் தூண்டில் மாதிரி இல்லை. நாம் நரம்பின் நுனியில் ஈயக்குண்டு கட்டி வீசுவோம். குண்டு பறக்கும், நரம்பு பின்னாலேயே போகும். இங்கே நுனியில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய பூச்சி வேஷம். எடையே கிடையாது. அதனால் எடையைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். 5-ஆம் நம்பர் லைன் என்றால் முதல் 30 அடி சுமார் 9 கிராம். அந்த 9 கிராம்தான் கோலை வளைக்க வேண்டும். அது தண்ணீர் மேல் நீளமாகக் கிடக்கிறது. அதைக் கிளப்பிப் பின்னால் அனுப்பி, காற்றில் நீளவிட்டு, முன்னால் வீச வேண்டும். கிளப்புவதற்குப் பெயர் பிக்-அப். சினிமாவில் யாரும் அதைக் காட்டுவதில்லை. காற்றில் கயிறு சுழலும் அழகைத்தான் காட்டுவார்கள். ரெட்ஃபோர்டு படத்தில் பிராட் பிட்டுக்காக வீசியவர் ஜேசன் போர்கர் என்ற தேர்ந்த ஆள். அந்தக் காட்சிகளைப் பார்த்துவிட்டுக் கோல் வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

மெக்லீனின் அப்பா சொல்லிக்கொடுக்கும் முறை இது. வீச்சு என்பது நாலு எண்ணிக்கைத் தாளம். கோல் கடிகார முகத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் மட்டும் ஆடணும். ஒன்று எண்ணும்போது கயிறும் பூச்சியும் தண்ணீரை விட்டு எழும்பும். இரண்டில் மேலே போகும். மூன்றில் சற்றுப் பொறுமை. நாலில் விசை. பையன்களுக்குத் தாளம் பிசகாமல் இருக்க, அம்மாவின் பியானோ மேலிருந்த மெட்ரோனோமை எடுத்துப் படகுத்துறைக்கே கொண்டுவந்துவிடுகிறார் மனுஷன். அது தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா என்று அம்மா வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கவலைப்படுகிறாள். (முழுப் பத்தியிலும் தண்ணீரைப் பற்றிச் சீரியஸாக யோசிப்பது அந்த அம்மா மட்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.)

நான் இதை அப்படியே எடுத்துக்கொண்டேன். போனில் மெட்ரோனோம் ஆப். புல்வெளியில் பயிற்சி. சில வாரங்களில் லூப் அழகாக விழ ஆரம்பித்தது. அப்புறம் ஆற்றுக்குப் போனேன். முதல் வீச்சு பரவாயில்லை. இரண்டாவது வீச்சுக்குக் கயிற்றைக் கிளப்பினால் 'சர்ர்ர்' என்று துணி கிழிகிற மாதிரிச் சத்தம், தண்ணீரில் நுரைக்கோடு, பின்னால் கயிறு ஒரு மூட்டையாகப் போய்ப் புதரில் மாட்டுகிறது. அந்த இடத்தில் மீன் இருந்திருந்தாலும் அது எப்பவோ போயிருக்கும். தாளம் தப்புகிறது என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தேன். வேகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தேன். டாக்டர் அதற்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் சொன்னார். நான் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே கிடையாது.

இனி கணக்கு. கோல் 9 அடி. ஒன்பது மணி என்றால் படுக்கை நிலை. பத்து மணி அதிலிருந்து 30 டிகிரி மேலே. 9 அடியில் சைன் 30 என்றால் கையை விட நுனி நாலரை அடி உயரத்தில் இருக்கிறது. தொடை ஆழத்தில் நிற்கிறோம், கை தண்ணீருக்கு மேல் இரண்டு அடி என்று வைத்தால், நுனி ஆறரை அடி. ஆட்டம் பத்து மணியில் ஆரம்பிக்கிறது என்றால், ஆறரை அடி உயரத்திலிருந்து தண்ணீர் வரை கயிறு தொட்டில் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். கோலைப் பின்னால் இழுத்தால் முதலில் நிமிர்வது அந்தத் தொங்கல்தான். பூச்சி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆக, கையில் இருக்கிற பாதித் தூரம் வெறும் தொய்வை எடுப்பதிலேயே செலவாகிவிடும். மிச்சம் இருக்கிற குறுகிய இடத்தில், தண்ணீரில் ஒட்டிக் கிடக்கும் மொத்தக் கயிற்றையும் பிய்த்தெடுக்கணும்.

தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஏறத்தாழ வேகத்தின் வர்க்கமாக ஏறும். இரண்டு மடங்கு வேகமாக இழுத்தால் நாலு மடங்கு பிடிக்கும். நான் பலமாக இழுக்க இழுக்கத் தண்ணீர் அதைவிடப் பலமாகப் பிடித்துக்கொண்டது. கடைசியில் சட்டென்று விடும்போது, வளைந்திருந்த கோல் ஒரே உதறலில் நிமிர்கிறது. அந்த உதறல்தான் பின்னால் போன மூட்டை. புல்வெளியில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் புல் அப்படி விடாமல் பிடிப்பதில்லை.

மெக்லீன் மேல் என் விமர்சனம் இங்கே ஆரம்பிக்கிறது. நுனியைத் தண்ணீரைத் தொடும் அளவு தாழ்த்தி, தொய்வை இடது கையால் வாங்கிக்கொண்டு, மெதுவாக உயர்த்தினால், பூச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற மெல்லிய நரம்பு மட்டும் தண்ணீரில் மிச்சம் இருக்கும் தருணம் ஒன்று வரும். அப்போது கோல் எங்கே இருக்கிறது? ஏறக்குறைய பத்து மணியில். அதாவது அப்பாவின் கடிகாரம் ஆரம்பிக்கும் இடம், பிக்-அப் முடியும் இடம். பாதிரியார் மீதிப் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

லெஃப்டி கிரே இதைத் தன் நாலு விதிகளில் முதல் விதியாகவே வைத்தார்: கயிற்றின் நுனி நகராமல் வீச்சே கிடையாது, பின்வீச்சு என்றால் அந்த நுனி தண்ணீரை விட்டு எழும்பிய பிறகுதான் விசை. ஜோன் உல்ஃப் 1987-இல் வந்த தன் புத்தகத்தில் வீச்சை இரண்டாகப் பிரிக்கிறார். முதலில் கோலை மெல்லச் சுமையேற்றும் நகர்வு, கடைசியில் சுருக்கமான ஒரு விசைச் சொடுக்கு. 1951-இல் ஆண்கள் மட்டுமே எதிரில் நின்ற தூரப் போட்டியில் ஜெயித்தவர் அவர். பலம்தான் வழி என்று சொல்ல அவருக்குக் காரணமே இல்லை. எனக்கு உதவியது இந்தப் பிரிப்புதான்.

ஆனால் கிரேயிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் விதியில் இரண்டு வேறு பிரச்சினைகள் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன. ஒன்று தொய்வு, இன்னொன்று தண்ணீரின் பிடி. தொய்வைத் தீர்ப்பது பெரும்பாலும் இடது கையும் தாழ்ந்த நுனியும். பிடியைத் தீர்ப்பது நிதானம். நான் தொய்வை எடுக்காமலே மெதுவாக உயர்த்திப் பார்த்திருக்கிறேன். கோல் பன்னிரண்டு மணிக்குப் போய்விடும், கயிறு இன்னும் தண்ணீரில் கிடக்கும், வீச இடமே மிச்சமிருக்காது. மேலாற்றை நோக்கி வீசும்போது நீரோட்டம் கயிற்றை நம்மிடமே தள்ளிக்கொண்டு வரும், அங்கே தொய்வுதான் எதிரி. கீழாற்றை நோக்கி வீசினால் கயிறு தானாகவே விறைப்பாக இருக்கும், அங்கே பிடிதான் எதிரி. எங்கள் வேலையில் சொல்வது மாதிரி, இரண்டு பக்கை ஒரே டிக்கெட்டில் போட்டால் இரண்டுமே மூடாது.

மெட்ரோனோமுக்கு வருவோம். பில் கேம்மலும் ஜே கேம்மலும் 1990 வாக்கில் ஐந்து அடிப்படைகளைத் தொகுத்தார்கள். அதில் இரண்டு: கயிறு நீளமானால் கோலின் வீச்சகலமும் கூடணும், பின்னால் காத்திருக்கும் நேரமும் கூடணும். மாறாத தாளமும் மாறாத பத்து-இரண்டும் இந்த இரண்டையும் நேராக மறுக்கின்றன. போதாக்குறைக்கு இரண்டு மணி என்பது ரொம்பத் தாழ்வு. அங்கே நிறுத்தினால் பின்வீச்சு புல்லைப் பார்த்துத்தான் போகும். பிக்-அப்புக்கு ஒரு மணி பக்கத்தில் நிறுத்துவது எனக்குச் சரியாக வருகிறது.

நியாயமாக ஒன்று சொல்லணும். மெக்லீன் கையேடு எழுதவில்லை. ஒழுங்கை நம்பிய ஓர் அப்பாவை எழுதினார். மனுஷன் இயல்பிலேயே கோலை அளவுக்கு மீறிப் பின்னால் கொண்டுபோய், பலத்தைத் தப்பான இடத்தில் போடுகிறவன் என்று அந்த அப்பா நம்புகிறார். என் முழங்கை அதற்குச் சாட்சி. தவிர, எழும்புவதற்கென்று ஒரு தனி எண்ணிக்கை ஒதுக்கியிருக்கிறாரே, அது பெரிய விஷயம். அந்த 'ஒன்று'க்கு மற்ற மூன்றைப் போல அதே நீளம் கொடுத்ததுதான் பிரச்சினை.

நான் இப்போது 'ஒன்று' என்று சொல்வதில்லை. நுனி தண்ணீரில், தொய்வு இடது கையில், பிறகு கயிறு ஒவ்வொரு அடியாகத் தண்ணீரை விட்டு உரிவதைப் பார்த்துக்கொண்டே உயர்த்துகிறேன். அது எவ்வளவு நேரம் எடுக்கிறதோ எடுக்கட்டும். கடைசி நரம்பு தெரிந்ததும் சொடுக்கு. சத்தம் வந்தால் சீக்கிரம் சொடுக்கிவிட்டேன் என்று அர்த்தம். 45 அடிக்கு மேல் கயிறு வெளியே இருந்தால் என் கைக்கு இது நடப்பதில்லை. கொஞ்சம் சுற்றி இழுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ரோல் காஸ்ட் போட்டு நுனியைக் காற்றில் ஏற்றிவிட்டு அங்கிருந்து பின்னால் எடுக்கிறேன். ரோல் காஸ்டில் தண்ணீரின் அதே பிடிதான் நமக்கு வேலை செய்கிறது, அதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.

முழங்கை சரியாகிவிட்டது. ஆப்பை அழித்துவிட்டேன். புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது.